வெளி மண்

இதை எழுத உட்கார்வதும் எழுந்து போவதுமாகப் பல வருடம் ஓடிவிட்டது. எழுதலாமா என்று கோமதி அம்மன் சந்நிதியில் நின்று கேட்டிருக்கிறேன். பூக்கட்டிப் பார்க்கலாம் என்றும் ஒருமுறை நினைத்தேன். எழுது என்று வந்துவிட்டால் எழுதத்தானே வேண்டும் என்ற பயத்தில் அதையும் விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரி எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் என் கையெழுத்து எங்கே கிடந்தாலும் எடுத்துப் படித்துவிடுவாள். அவள் இருக்கும்வரை இது காகிதத்தில் ஏறக்கூடாது என்று இருந்தேன். போன தை மாதம் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி யாரிடமிருந்து மறைக்க வேண்டும்? சாமிக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை.

நான் எட்டாவதோடு நின்றவன். நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் தெரியும்.

சங்கரன்கோவிலிலிருந்து மேலநீலிதநல்லூர் போகிற ரோட்டில் எங்களுக்குக் கொஞ்சம் செவக்காடு என்கிற செம்மண் நிலமும் ஒரு கிணறும் உண்டு. என் தகப்பனார் காலத்திலிருந்தே பிச்சிப்பூ. விடிவதற்கு முன்னால் மொட்டாகப் பறித்து டவுன் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு போவோம். தோட்டத்தின் மூலையில் எங்கள் சாமி, மாடன், பீடமாக நிற்கிறார். சிவகிரிப் பக்கம் இருக்கிற மூலக் கோயிலிலிருந்து என் தகப்பனார் ஒரு கைப்பிடி மண் எடுத்துக்கொண்டு வந்து இங்கே போட்டு நிலைநிறுத்தினார். அதைப் பிடிமண் என்று சொல்வோம். பிடிமண் வந்த இடத்தில் சாமியும் வந்துவிட்டதாகக் கணக்கு. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எது புதிதாகத் தொடங்கினாலும், வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டினாலும் மாட்டுத்தொழுவம் கட்டினாலும், பீடத்தின் காலடியில் ஒரு பிடி மண் எடுத்து அங்கே போட்டுவிட்டுத்தான் தொடங்குவோம். பீடத்தை ஒட்டி சாமிக்கென்று ஒரு பிச்சிச் செடி நிற்கும். அதில் நாங்கள் விற்பனைக்குப் பூப் பறிக்க மாட்டோம்.

பிச்சி நோயில் விழுந்தது மெதுவாகத்தான் தெரிந்தது. முதலில் இலை வெளுத்தது. பிறகு மொட்டு சிறுத்து, பூ மார்க்கெட்டில் கையால் தள்ளிவிடுகிற அளவுக்கு வந்துவிட்டது. செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக, பாசிமணி கோத்தது போல. வேருக்குள்ளே நூற்புழு இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது என்றார்கள். குருணை மருந்து வாங்கிப் போட்டோம். அதன் நெடி கிணற்றடி வரைக்கும் வீசும். ஒரு வருடம் அடங்கும், மறுவருடம் திரும்ப வரும்.

அந்தச் சமயத்தில்தான் என் மகன் வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்தான். அங்கே ஏசி மாட்டுகிற வேலை. அவன் போகும்போது அவன் மகள் தாயின் வயிற்றில் இருந்தாள். வந்து இறங்கியபோது அந்தப் பிள்ளை பேசத் தொடங்கியிருந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அது என் வீட்டுக்காரியின் காதோடு வாயை வைத்துக் கேட்டது, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி:

“ஆச்சி, இந்த மாமா எப்பப் போவாவ?”

என் மருமகள் சிரித்துவிட்டாள். நாங்களும் சிரித்தோம். அவன் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவ வந்தவன் என்னிடம் சொன்னான்: “எப்பா, ஒரு பிச்சித் தோட்டம் நல்லா எடுத்துட்டா நான் திரும்பப் போகல. அது வரலைன்னா போய்த்தான் ஆகணும்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பிச்சி என்றால் பூ இல்லை. அவன் இருப்பானா போவானா என்பதுதான்.

பிள்ளை மண்ணில் விளையாடுகிறது, இனி மருந்து வேண்டாம் என்று அவன் முடிவாக இருந்தான். வேளாண்மை ஆபீசிலிருந்து ஒரு அம்மா அந்தப் பக்கம் வருவார்கள். அவர்கள்தான் வெயிலை வைத்தே மண்ணைச் சுடலாம் என்று சொன்னார்கள். நிலத்தை நன்றாக உழுது கட்டி உடைத்து, தண்ணீர் பாய்ச்சி, கண்ணாடி போல் தெரிகிற பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்ட விரித்து, நாலு ஓரத்தையும் மண்ணுக்குள் புதைத்துவிட வேண்டும். அக்கினி நட்சத்திர வெயில் உள்ளே இறங்கும், வெளியே வராது. ஈரத்தோடு சேர்ந்து மண் வெந்துபோகும். புழுவும் அதன் முட்டையும் களை விதையும் அதிலேயே செத்துவிடும். மருந்து ஒரு துளி வேண்டாம்.

பழைய தோட்டத்தை வேரோடு பிடுங்கிக் கொளுத்தினோம். சாமி செடியை மட்டும் தொடவில்லை. அதைத் தொடுவது பற்றி யாருக்கும் யோசனைகூட வரவில்லை. கிணற்றுக்கு மேல்புறம் முன்பு கத்தரி போட்டிருந்த நிலத்தைப் புதுத் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டோம். தாள் வாங்கப் போன கடையில் கறுப்புதான் சூடு பிடிக்கும் என்று கறுப்பை எடுத்துப் போட்டார்கள். என் மகன் அதை ஒதுக்கிவிட்டு, அந்த அம்மா சொன்னபடி கண்ணாடித் தாள்தான் வேண்டும் என்று நின்று வாங்கி வந்தான்.

சித்திரை வெயிலில் அந்தத் தாள் கிடந்த கிடையை இப்போது நினைத்தாலும் கண் கூசுகிறது. உள்பக்கம் முழுக்க நீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது. பக்கத்துக் காட்டு அண்ணாச்சி வரப்பில் நின்று பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

“என்னவே, மண்ணுக்குச் சளி பிடிச்சிருக்கோ? ஆவி பிடிக்க வச்சிருக்கிய?”

என் மகன் தாளின் ஓரத்தை மிதித்து இறுக்கிக்கொண்டே, “ஆமா பெரியப்பா. அங்கன எங்களைப் போட்டுச் சுட்டாவ. இங்கன வந்து நான் மண்ணைச் சுடுதேன்” என்றான். அவன் அப்படிச் சிரித்துப் பேசி நான் பார்த்தது அந்தச் சித்திரையில்தான்.

அந்தத் தாளைக் காத்தது என் வீட்டுக்காரி. எங்கள் பக்கம் மயில் அதிகம். கால் வைத்தால் நகம் பட்டுத் தாள் கிழிந்துவிடும். கிழிந்தால் சூடு போய்விடும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, குடையும் ஒரு கம்புமாக அந்த வெயிலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். அப்படியும் கிழிந்த இடத்தைப் பேத்தியின் படப் புத்தகம் கிழிந்தால் ஒட்ட வைத்திருந்த டேப்பை எடுத்து ஒட்டுவாள். மாரியம்மனுக்கு விரதம் இருக்கிறவள் போலத்தான் இருந்தாள். ஒருநாள் தாளின் ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விட்டுவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சாம்பல் அள்ளுகிற மாதிரி இருக்கிறது, இனி ஒன்றும் பிழைக்காது என்று ஊர் முழுக்கச் சொன்னாள்.

வைகாசி முடிவில் தாளை எடுத்தோம். ஒரு கோரை முளைக்கவில்லை. மண் அவித்த பயறு மாதிரி ஒரு வாசம் வீசியது. ஆபீஸ் அம்மா வந்து பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, இனிமேல்தான் கவனம் என்றார்கள். அவர்கள் சொன்ன சொல் இதுதான்: “வெளி மண் ஒரு கை அளவுகூட உள்ள வரக்கூடாது. மம்பட்டியைக் கழுவிட்டுக் கொண்டு வாங்க. செருப்போட வராதீங்க. பழைய மண்ணுல ஒரு புழு வந்தாலும் போதும்.”

அதை என் வீட்டுக்காரியைப் போல் யாரும் எடுத்துக்கொண்டிருக்க முடியாது. வரப்பில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தாள். வருகிறவர் யாரானாலும் காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். பக்கத்துக் காட்டு அண்ணாச்சியையும் விடவில்லை. “கோயிலுக்குள்ள போறதுக்குக்கூட எனக்கு இவ்வளவு கெடுபிடி கிடையாது தாயி” என்று சொல்லிக்கொண்டே அவர் ஒரு காலைத் தூக்கிக் கழுவினார். இவள், “பின்னங்காலையும் கழுவுங்க அண்ணாச்சி” என்றாள். நான் என்ன மாடா என்று அவர் திட்டினார். எல்லோரும் சிரித்தோம்.

ஆடித்தபசு முடிந்ததும் ஒரு நல்ல நாள் பார்த்து நட்டோம். வேரில்லாத தண்டாக வாங்கி வந்து, சுட்ட மண்ணிலேயே பதியம் போட்டு வளர்த்த கன்றுகள். குழி எடுத்துத் தயாராக இருந்தது. என் வீட்டுக்காரி தலைக்குக் குளித்து ஈரத்தலையோடு பழைய தோட்டப் பக்கமிருந்து வந்தாள். வரப்பில் நின்று வாளித் தண்ணீரில் காலைக் கழுவினாள். முந்தானையில் பிடிமண் இருந்தது.

ஈசான மூலையிலிருந்து தொடங்கினாள். குழிக்கு ஒரு சிட்டிகை. நான் பின்னால் கன்றை வைத்தேன், மகன் மண் அணைத்தான். சாமி பேரைச் சொல்லிச் சொல்லிப் போட்டாள். கடைசி இரண்டு வரிசைக்கு மண் போதவில்லை. மறுபடி போய் எடுத்தால் அது பிடிமண் ஆகாது, ஒரு முறைக்கு ஒரு பிடிதான். அவளுக்கு மனசு கேட்கவில்லை. அந்த இரண்டு வரிசை முன்னால் சூடத்தைக் கொளுத்தி வைத்து, குறை வைத்துக்கொள்ளாதே என்று கும்பிட்டாள்.

நாங்கள் மூன்று பேரும் அங்கேதான் நின்றோம். வெளி மண் என்று அந்த அம்மா சொன்னபோது எங்களுக்குத் தோன்றியது லாரியில் வருகிற மண், குளத்து வண்டல், அடுத்தவன் காடு. மாடன் காலடி மண் எப்படி வெளி மண் ஆகும்? எங்கள் வீட்டுக்குள்ளேயே அதைவிட உள்ளே இருக்கிற பொருள் கிடையாது. என் மகன் விவரம் தெரிந்தவன். அவனும் அந்த மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டுதான் மண்ணை அணைத்தான்.

முதல் பூ வந்தபோது பேத்தி அவனை அப்பா என்று கூப்பிடப் பழகியிருந்தது. பம்ப்செட் ஓடுகிற சத்தம் கேட்டால், அப்பா தண்ணி பாய்ச்சுதாவ என்று சொல்லும். ஊரிலேயே இருக்கப்போகிறேன் என்று அவன் கூட வேலை பார்த்தவர்களுக்குப் போனில் சொன்னதையும் கேட்டேன்.

அடுத்த மழை முடிந்த பிறகு இலை வெளுக்கத் தொடங்கியது.

தண்ணீர் குறைவாக இருக்கும் என்றேன். அவன் ஒரு செடியைப் பிடுங்கினான். வேரில் முடிச்சு. இன்னொன்று. அதிலும் முடிச்சு. அப்படியே வரிசை வரிசையாக நடந்து போனவன் கடைசி இரண்டு வரிசையில் நின்றுவிட்டான். அங்கே செடி கருகருவென்று நின்றது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தான். வேர் வெள்ளையாக, நூல் மாதிரி இருந்தது. திரும்ப நட்டுத் தண்ணீர் விட்டான். பிறகு என்னைப் பார்த்தான்.

நேராகப் பழைய தோட்டத்துக்குப் போனான். நானும் போனேன். பீடத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றினான், கும்பிட்டான். பிறகு சாமி செடியின் அடியில் விரலால் மண்ணை விலக்கினான். முடிச்சுதான். வெள்ளிக்கிழமை தவறாமல் நாங்கள் ஊற்றுகிற தண்ணீரில் ஈரம் காயாமல், அந்த வேரும் புழுவும் சுகமாக இருந்தன. அவன் மண்ணை மறுபடி மூடி, உள்ளங்கையால் தட்டிவிட்டான், பிள்ளையைத் தூங்க வைப்பது போல.

“அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா” என்றான்.

அன்றைக்கே அவளும் தோட்டத்துக்கு வந்தாள். காலைக் கழுவிவிட்டு இறங்கி, வெளுத்த வரிசைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவள் கடைசி இரண்டு வரிசையில் நின்று கைகூப்பினாள். “பாத்தியளா, மண்ணு கிடைக்காத பிள்ளையளைச் சாமி நேராவே வந்து நின்னு பாத்துக்கிட்டாவ” என்றாள். அந்தச் செடிகளில் பூத்த பூவை அவளே பறித்துக் கட்டி, மாடனுக்குச் சாத்தினாள். நானும் மகனும் பக்கத்தில் நின்றோம். சூடம் காட்டும்போது அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஆபீஸ் அம்மா வந்தார்கள். வேரைப் பார்த்தார்கள். வெளி மண் ஏதாவது சேர்த்தீர்களா என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரி அவர்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். “இல்ல மேடம்” என்றான் என் மகன். அப்படியானால் சூடு ஆழத்துக்கு இறங்கவில்லையோ என்னவோ, அடியில் இருந்தது ஏறி வந்திருக்கலாம் என்று அவர்கள் சந்தேகமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதுவும் உண்மையாக இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வரிசையை நான் பார்த்தேன்.

அந்த ஒரு ‘இல்ல’ ஊர் முழுக்கப் போயிற்று. தாள் போட்டுச் சுட்டும் பிச்சி போய்விட்டது, வெயிலை நம்பினால் இப்படித்தான் என்று பேசினார்கள். மறு சித்திரைக்குத் தாள் போடலாம் என்று இருந்த பக்கத்துக் காட்டு அண்ணாச்சி குருணை மருந்துக்கே போனார். அவர் கிணற்றடியிலும் இப்போது அந்த நெடி வீசுகிறது.

பங்குனியில் மகன் என்னிடம் கேட்டான், இன்னொரு தடவை சுடுவோமா என்று. சுடலாம். ஆனால் நடுகிற அன்று அவள் பிடிமண்ணோடு வருவாளே. வராதே என்று எப்படிச் சொல்வது? யோசித்து யோசித்து எனக்கு ஒரு வழி தோன்றியது. பிடிமண்ணை முன்கூட்டியே எடுத்துத் தாளுக்கு அடியில் மற்ற மண்ணோடு வைத்துவிட்டால், அதுவும் சேர்ந்து வெந்துவிடும். பிறகு அதை எடுத்துக் குழியில் போடட்டும். சாமிக்கும் குறையில்லை, செடிக்கும் குறையில்லை.

பம்ப்செட் ரூம் பக்கத்தில் அவள் துணி அலசிக்கொண்டிருந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவள் கையில் துணி அப்படியே நின்றது.

“சாமியைச் சுடச் சொல்லுதியளா?”

“சும்மா ஒரு யோசனைதான்.”

“எதுக்கு அந்த யோசனை வருது உங்களுக்கு?”

நான் வாளியைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

“அப்ப, என் கையாலதான் போச்சா?”

“ஏட்டி, கிறுக்கு மாதிரிப் பேசாத” என்றேன். “புழு அடியில இருந்து வந்திருக்குன்னு மேடமே சொல்லிட்டாவ.”

அவள் துணியைப் பிழிந்தாள். பிழிந்த துணியையே மறுபடியும் பிழிந்தாள். ரூமுக்குள் மோட்டாரை நிறுத்த வந்த என் மகன் கதவுக்குப் பின்னால் நின்றதை நான் பிறகுதான் பார்த்தேன்.

அடுத்த வாரமே கம்பெனியில் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னான். யாரும் கூப்பிடவில்லை, இவன்தான் பேசியிருக்கிறான். மறுபடி நட்டால் மறுபடி பிடிமண், மறுபடி அந்தக் கேள்வி. நடாவிட்டால் கேள்வியே இல்லை. அவன் இதை என்னிடம் வாய்திறந்து சொன்னதில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா? மருமகள் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கும் என்னால் காரணம் சொல்ல முடியவில்லை.

புறப்படுகிற அன்று எங்கள் வழக்கப்படி அவன் தாய் பீடத்தடி மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தாள். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் வைத்தான். பேத்தி காரின் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு அவள் புதுத் தோட்டத்துக்குள் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை விளக்குப் போட என்னோடு பீடத்துக்கு வருவாள். முன்பெல்லாம் கும்பிட்டு முடித்துக் காலடி மண்ணைத் தொட்டு நெற்றியில் வைப்பாள், எனக்கும் வைத்துவிடுவாள். அது நின்றுபோனது. கையை முந்தானைக்குள் மடக்கி வைத்துக்கொண்டு நிற்பாள். நான் அவளிடம் மறைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னிடம் எதை மறைத்தாள் என்று இப்போது யாரிடம் போய்க் கேட்பேன்? ஒரே வீட்டில், ஒரே தட்டு விபூதியைப் பூசிக்கொண்டு, அத்தனை வருடம் இரண்டு பேரும் ஊமையாக இருந்திருக்கிறோம்.

போன தையில் அவள் போனபோது மகனால் நேரத்துக்கு வர முடியவில்லை. பேத்திதான் போனைப் பிடித்துக்கொண்டு நின்று காட்டியது. தன் தாயின் கையைக் காட்டச் சொன்னான். காட்டியது. அவ்வளவு நேரமும் அவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது அந்த நிலத்தில் முள் உடைமரம் ஏறிவிட்டது. சாமி செடி மட்டும் நிற்கிறது, மஞ்சள் இலையோடு, வருடத்துக்கு நாலு பூவோடு. நான் போய்த் தண்ணீர் ஊற்றுகிறேன். ஊற்றும்போது அடியில் எது குடிக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஊற்றுகிறேன். ஊற்றாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. சாமியிடம் கேட்கிறேன், உன் காலடியில் இதை ஏன் வைத்தாய் என்று. கோபமாகக் கேட்கவில்லை, கேட்க வேறு ஆள் இல்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பயிர் வைக்கிற யாருக்காவது இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது நான் எழுதியபடியே சொல்லுங்கள். வெயில் மண்ணைச் சுட்டது, அது பொய்க்கவில்லை. அந்த இரண்டு வரிசையை விட்டுவிடாதீர்கள். சாமி மண் கெடுத்தது என்றும் மாற்றிவிடாதீர்கள், சாமி அதைக் கொண்டு வரச் சொல்லவில்லை. அவள் பேரில் குற்றம் வருகிற மாதிரி ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம். வேறு எது மறந்துபோனாலும், பிடிமண்ணோடு வந்த அன்று அவள் வரப்பில் நின்று காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே இறங்கினாள் என்பதை மட்டும் மறந்துவிடாமல் சொல்லுங்கள்.